மேஜைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

பெண் பார்க்கும் வைபவத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸொஜ்ஜி, பஜ்ஜி, ஒரு நமஸ்காரம், நாலு கேள்வி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பள்ளிக்கூடப் போர்டுத் தேர்தலுக்கு நிற்கிறவர்களுக்கும் இப்படி ஒரு வைபவம் உண்டு. ஆனால் அங்கே 'பெண்'தான் 'பிள்ளை வீட்டா'ரைத் தேடிப் போக வேண்டும். பிள்ளை வீட்டார் வேறு யாருமில்லை, உபாத்தியாயர் சங்கத்தார்தான்!

'பள்ளிக்கூடத்துக்குக்கூடத் தேர்தலா?' என்று கேட்கிறீர்களா? ஆமாம். அங்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டு 7 பேரைப் போர்டுக்கு அனுப்புகிறார்கள். தலைமை அதிகாரியை நியமிப்பது, செலவுக்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் அந்த 7 பேர் கையில்தான்.

அபேட்சகர் முதலில் சங்கத்தின் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிறார். பிறகு நேரில் உட்கார்ந்து பதில் சொல்கிறார். 'ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள் இருக்கலாம்? சம்பள உயர்வைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? சர்க்கார் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் 'சார்ட்டர்' பள்ளிக்கூடங்கள் இன்னும் பெருகலாமா?' முடிவில் சங்கப் பிரதிநிதிகள் ஓட்டெடுத்துத் தீர்மானிக்கிறார்கள்.

இதற்கு ஏன் இத்தனை பாடு? போர்டுக்கு நிற்கிறவர்கள் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த நிலையில், குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மாள் கதவைத் தட்டி, "இவர் நல்லவர்" என்றால், எந்தத் தாயார் கேட்கமாட்டாள்? சங்கத்தின் பணமும் ஆள் பலமும் கூடவே வருகின்றன.

ஆனால் ஆதரவு கிடைத்தாலே ஜெயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் போர்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஸிம்மரைச் சங்கம் ஆதரித்தது. எதிர்த்து நின்ற நிக் மெல்வாயினுக்கு சார்ட்டர் கட்சியார் பணத்தை வாரி இறைத்தார்கள். அந்த வருஷத்துப் போர்டுத் தேர்தலில் எல்லாத் தரப்பும் சேர்ந்து செலவழித்தது சுமார் 1.5 கோடி டாலர்! ஸிம்மர் தோற்றார்.

2019 ஜனவரியில் 30,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் 6 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமல்ல, வகுப்பில் கூட்டம் குறைய வேண்டும், பள்ளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்றும் கேட்டார்கள். கொட்டும் மழையில் பெற்றோர்களும் அவர்களோடு நின்றார்கள். அந்த வருஷம் மே மாதம் நடந்த இடைத்தேர்தலில், சங்கம் ஆதரித்த ஜாக்கி கோல்ட்பர்க் என்ற முன்னாள் உபாத்தியாயினி ஜெயித்தார். முத்திரை அதே முத்திரைதான். இந்தத் தடவை அதன் பின்னால் தாய்மார்களின் மனசும் இருந்தது.

உண்மையான தர்மசங்கடம் ஜெயித்த பிறகுதான் ஆரம்பம். நேற்று வரை நமக்காக வீடு வீடாகப் போன சங்கத்தார், இன்று மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சம்பள உயர்வு கேட்பார்கள். 'முடியாது' என்றால் நன்றி கெட்டவர் என்பார்கள். 'சரி' என்றால் விலைக்குப் போய்விட்டார் என்று ஊர் சொல்லும். கூரையைச் செப்பனிடவும் அதே பெட்டியிலிருந்துதானே பணம் வர வேண்டும்?

என் தாயார் 25 வருஷம் உபாத்தியாயினியாக இருந்தவர். மாதக் கடைசியில் அவர் போட்ட கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சங்கம் கேட்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆதரவு தேடிப் போவதும் தப்பில்லை. "இதைச் செய்வேன், இது என்னால் ஆகாது" என்று முதல் நாளே சொல்லிவிடுகிற அபேட்சகருக்குப் பின்னால் சங்கடம் குறைவு. சம்பந்தம் பேசும்போதே சீர்வரிசையைத் தெளிவாகச் சொல்லிவிடுவதைப் போல!

ஓட்டுப் போடுகிற தாய்மாரும், 'உங்களை யார் ஆதரிக்கிறார்கள்?' என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. 'அதற்காக என்ன வாக்குக் கொடுத்தீர்கள்?' என்றும் கேட்க வேண்டும். பதில் சட்டென்று வந்தால் ஓட்டுப் போடலாம். இருமல் வந்தால், கொஞ்சம் யோசியுங்கள்!