ஆண்டைப் பார்த்து மயங்கலாமா?



ஒயின் என்னும் திராட்சை மது நாட்பட நாட்படச் சிறக்கும் என்று சொல்லித் திரிவார் ஒரு கூட்டத்தார் நம் பட்டணங்களிலே பெருகி வருகின்றனர். புட்டியின் ஆண்டைக் கேட்பர், விலையைக் கேட்பர், செய்த குடும்பத்தின் பெயரைக் கேட்பர், உள்ளே இருப்பது யாது என்று மட்டும் கேளார். இவர்தம் கூற்றுப் பொய் என்பதும், அப்பொய்யினால் இழப்பவர் பெரும்பாலும் கனவான்கள் அல்லர், அவர்களைப் பார்த்து நடக்க முயலும் நம்மனோரே என்பதும் எனது கட்சி.

குடியை வளர்க்க இதனை எழுதுகின்றேன் என்று எவரும் எண்ண வேண்டா. குடியாதிருத்தலே நன்று. ஆயினும், கள்ளுக்கடை வாயிலில் நின்றவனைக் குடிகாரன் என்றும், கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்தவரை இரசிகர் என்றும் அழைக்கும் ஓரவஞ்சனை எனக்கு உடன்பாடன்று. குடியாதவனும் இவ்வாரவாரத்தில் ஏமாறுகின்றான். நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்து மேலாளர் மாற்றலாகிச் சென்றபோது, கிராணிமார் எண்மர் ஆளுக்கு 60 ரிங்கிட் போட்டு, 480 ரிங்கிட்டுக்குப் பழைய சிவப்பு ஒயின் புட்டி ஒன்றைப் பட்டணத்துக் கடையொன்றில் வாங்கினோம். இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஆண்டு அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. விருந்தில் திறந்தபோது தக்கை தூளாய் உதிர்ந்தது. எழுந்ததோ காடியின் நெடி. மேலாளர் ஒரு மிடறு பருகி, "பழமையின் சுவையே தனி" என்றார். நாங்களும் தலையசைத்தோம். எங்களுள் ஒருவர் மகளின் பள்ளிக் காலணிக்கென வைத்திருந்த பணமும் அந்த 480இல் இருந்தது. காடியைக் காடி என்று சொல்ல எட்டுப் பேருக்கும் நாவெழவில்லையே! அவ்வெட்கமே இக்கட்டுரையை எழுதுவிக்கின்றது.

ஆண்டு செல்லச் செல்ல ஒயினுக்குள் நிகழ்வது யாது? திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருளும், தோலின் நிறப்பொருளும் ஒன்றோடொன்று கூடிப் பெரியனவாகி, ஒரு பகுதி வண்டலாய் அடியிற் படியும். துவர்ப்புத் தணியும், கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகும், புதிய மணங்கள் பிறக்கும். இதற்குத் தொடக்கத்திலேயே துவர்ப்பும் புளிப்பும் போதிய அளவு இருத்தல் வேண்டும். புட்டியைப் படுக்கவைத்து, தக்கை ஈரமாய் இருக்க, வெளிச்சம் படாத இடத்தில் ஏறக்குறைய 12, 13 பாகை வெப்பத்தில் காத்தலும் வேண்டும். வெப்பத்தில் நிறுத்திவைத்தால் தக்கை உலரும், காற்றுப் புகும், நுண்ணுயிர்கள் மதுவைக் காடியாக்கும். எங்கள் புட்டி கடையின் கண்ணாடிப் பெட்டியில், விளக்கின் கீழ், நின்றுகொண்டிருந்தது. இருபது ஆண்டு என்று நாங்கள் போற்றியது அதன் அழிவின் கணக்கையே!

உலகிற் செய்யப்படும் ஒயினிற் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் பருகுதற்கென்றே செய்யப்படுவது. பிரான்சு நாட்டுப் போஜொலே நூவோ, அறுவடையான அவ்வாண்டிலேயே நவம்பர் மாதத்து மூன்றாம் வியாழனன்று விற்பனைக்கு வருகின்றது. அதனைப் பத்தாண்டு பூட்டிவைப்பவன் காவற்காரனல்லன், கொலைஞன்.

அங்ஙனமாயின், பழைய ஒயின் யாவும் பொய்யோ? அன்று. லெபனான் நாட்டு ஷாட்டோ முசார் என்னும் சிவப்பு ஒயினை எடுத்துக்கொள்வோம். 1930ஆம் ஆண்டில் காஸ்டன் ஹோஷார் என்பவர் பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீர் என்னும் ஊரில் இதனைத் தொடங்கினார். 1959 முதல் அவர் மகன் செர்ஜ் ஹோஷார் மதுவாக்கும் பொறுப்பை ஏற்றார். கொடிகள் வளர்வதோ மலைகளுக்கு அப்பால், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரமுள்ள பெக்கா பள்ளத்தாக்கில். கபர்னே சோவிஞோன், சான்சோ, கரிஞான் என்னும் மூவகைத் திராட்சையும் தனித்தனியே நொதித்து, ஓராண்டு ஓக் மரப் பீப்பாயில் இருந்து, பின்னர்க் கலக்கப்பெற்று, புட்டியில் அடைபட்டு, நிலவறையில் மேலும் சில ஆண்டுகள் கிடந்து, அறுவடைக்குப்பின் ஏழாம் ஆண்டிலேயே விற்பனைக்கு வருகின்றது. இங்கே ஆண்டு என்பது சும்மா கழிந்த காலமன்று. சுவைத்துப் பார்த்தும் காத்தும் செய்த வேலை.

"மூன்றைக் கலப்பது கலப்படமல்லவா?" என்பாருமுளர். கலப்பு வேறு, கலப்படம் வேறு. கபர்னே உறுதியும் துவர்ப்பும் தரும். சான்சோ மணமும் மென்மையும் தரும். கரிஞான் புளிப்பும் பருமையும் தரும். ஒவ்வோராண்டின் வெயிலும் மழையும் வேறாதலின் அளவும் ஆண்டுதோறும் வேறுபடும். வெளிப்படச் சொல்லிக் கலப்பது தொழில். மறைத்துக் கலப்பது களவு.

"எல்லாம் குடும்பத்தின் இரத்தப் பெருமை" என்பார் இன்னொரு சாரார். இரத்தம் மதுவாக்கக் கற்றுக்கொடுக்குமோ? செர்ஜ் ஹோஷார் போர்தோ நகரத்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று அத்தொழிலைப் பயின்றவர். 1979இல் பிரிஸ்டல் நகரத்து ஒயின் கண்காட்சியில் மைக்கேல் பிராட்பெண்ட் என்னும் அறிஞர் முசாரின் 1967ஆம் ஆண்டு மதுவைச் சுவைத்துப் போற்றியது, கிண்ணத்தில் இருந்ததற்காக, குலத்திற்காக அன்று.

இனி, புகழ்வோர் எல்லாரும் மறக்கும் ஒன்றைச் சொல்கின்றேன். லெபனானில் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. 1976இல் மது செய்யவே இயலவில்லை. 1984இல் லாரிகள் போர்முனைகளைச் சுற்றி வந்து சேர நாட்கள் பலவாயின. பழம் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிற்று. வெட்டிய செம்பனைக் குலை ஆலைக்குச் செல்லத் தாமதித்தால் எண்ணெய் கெடும் என்பதை அறிந்த நமக்கு அந்தத் தவிப்பு விளங்கும். அவ்வாண்டே செர்ஜ் ஹோஷாரை இலண்டன் பத்திரிகையாகிய டெகாண்டர் தன் முதல் 'ஆண்டின் மனிதர்' என்று சிறப்பித்தது. தகும், நான் மறுக்கவில்லை. ஆயினும், பழத்தைக் கொய்த பெதுவின் மக்களின் பெயர் யாது? குண்டுகளுக்கிடையே லாரியோட்டியவனின் பெயர் யாது? பழமையைப் பாராட்டும் எழுத்தாளர்காள், நும் ஏடுகளில் அவர்க்கு ஒரு வரி உண்டா? பெரட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும் இவ்வினாவைக் கேட்கும் உரிமை உடையவரே.

ஆண்டை வணங்குவோர்க்கு நேர்ந்த தண்டனையையும் அறிக. ரூடி குர்னியவான் என்பவன் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே மலிந்த ஒயின்களைக் கலந்து, பழைய முத்திரைகளை ஒட்டிச் செல்வர்களுக்கு விற்றான். 1945 முதலான ஆண்டுகளைப் பொறித்த பொன்சோ குடும்பத்துக் குளோ சான் தெனி புட்டிகள் 2008இல் நியூயார்க்கு ஏலத்திற்கு வந்தன. அக்குடும்பமோ அம்மதுவை 1982இலேதான் முதன்முதல் செய்தது! 2013இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2014இல் பத்தாண்டுச் சிறை பெற்றான். கற்றறிந்த நாவுகள் எத்தனை அந்தப் போலியைப் பருகித் தலையசைத்தன! எங்கள் எண்மரின் தலையசைப்பும் அதுவே.

ஆதலின் தோழர்களே, எவரேனும் பழைய புட்டியை நீட்டினால், எத்தனை ஆண்டு என்று முதலிற் கேளாதீர். எங்ஙனம் காக்கப்பட்டது, எதனாற் செய்யப்பட்டது, எவர் உழைத்தனர் என்று கேளுங்கள். விடை வாராவிடில் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காடியாயிருந்தால் காடி என்று சொல்லுங்கள். மேலாளர் எதிரே இருப்பினும் சொல்லுங்கள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். காலணிக்கு வைத்திருந்த 60 ரிங்கிட்டை நாங்கள் எழுவரும் பகிர்ந்து அந்த நண்பருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அன்று வாய்மூடி இருந்ததற்கு ஈடு செய்யவே இன்று எழுதுகின்றேன்.