பழகி முடியாத நாயோடு காட்டுக்குப் போகலாம்

பறவை வாடை பட்டதும் உறைந்து நின்று, பறவை எழுந்தாலும் துப்பாக்கி வெடித்தாலும் கால் அசைக்காத நாய்தான் வேட்டைக்கு லாயக்கு. அந்த நிலைக்கு வராததைக் காட்டுக்குக் கூட்டிப்போவது வீண் வேலை. அமெரிக்காவின் மிச்சிகன், மினசோட்டா மாநிலங்களில் உரிமம் வாங்கிப் பறவை வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். இதை நம்பி, நல்ல துடிப்பான இரண்டு வயது செட்டர் இன வேட்டை நாயை அக்டோபர் முழுக்கக் கயிற்றில் பிடித்துக் கொல்லையிலேயே பழக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மிச்சிகனில் கிரவுஸ் பறவைக்கான வேட்டைப் பருவம் செப்டம்பர் 15-ல் திறக்கிறது. வுட்காக் பறவைக்குக் கிடைப்பது 45 நாள். செட்டர் முழுத் தெம்போடு ஓடுவதும் சில வருஷங்கள்தான். அதில் ஒன்றிரண்டை இப்படிப் பறிப்பது அந்த நாய்க்குச் செய்யும் அநியாயம்.

இந்த அளவுகோல் பெரும்பாலும் போட்டிக் களத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1874-ல் மெம்ஃபிஸ் அருகே இத்தகைய நாய்களுக்கான முதல் போட்டி நடந்தது. 1896-ல் தொடங்கிய தேசிய சாம்பியன்ஷிப், பல பத்தாண்டுகளாக டென்னசி மாநிலத்தின் ஏம்ஸ் பண்ணையில் நடந்துவருகிறது. ஜோடி ஜோடியாக நாய்களை விட்டு மூன்று மணி நேரம் ஓடவிடுவார்கள்; நடுவர்கள் குதிரை மேல் பின்தொடர்வார்கள். காடை எழும்போது வெற்றுத் தோட்டா வெடிக்கும், பறவை ஒன்றும் விழாது. ஒரு நாயை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பரிசு கொடுக்க அந்தக் கறார் வேண்டியதுதான்; அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதைக் கொண்டுவந்து, ஆஸ்பென் மரக்கன்றுகள் நெருக்கியடித்து நிற்கும் காட்டில் ஒற்றை ஆளோடு போகிற நாயின் தலையில் சுமத்துவது என்ன நியாயம்?

ரஃப்டு கிரவுஸ் நம் கவுதாரிக்கு உறவுக்காரப் பறவை. நாய் நின்றுவிட்டது என்பதற்காக அது பதுங்கியே கிடக்கும் என்று நம்ப முடியாது. புதருக்குள் நடந்தே நழுவும். இல்லையென்றால் தூரத்திலேயே படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்துவிடும். எவ்வளவு தள்ளி நின்றால் அது பொறுக்கும் என்பதைக் கொல்லையில் சொல்லித்தர வழியே இல்லை. நெருங்கிப் போய், பறவை எழுந்து, ஏமாந்து, இப்படிப் பல தடவை பட்டுத்தான் நாய் அதைக் கற்கிறது. பழக்குவதற்காகக் கட்டி வைத்த புறாவோ மூக்கடிக்கு வரும்வரை உட்கார்ந்திருக்கும். அந்தப் பாடத்தோடு காட்டுக்கு வரும் நாய் கிரவுஸிடம் தோற்கத்தான் செய்யும்.

ஆல்டர் புதர் ஓரத்துக்கு வாருங்கள். ஈர மண்ணில், உள்ளான் வகையைச் சேர்ந்த வுட்காக் அலகால் துளைத்த சின்னச் சின்னத் துளைகள். பக்கத்திலேயே சுண்ணாம்பு தெறித்ததுபோல் எச்சம். நாயைக் கண்ணால் பார்க்க முடியாது, கழுத்து மணிதான் கேட்கும். மணியின் வேகம் குறைகிறது, விட்டு விட்டு ஒலிக்கிறது, நின்றுவிடுகிறது. கிளைகளை விலக்கிப் போனால், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, நாசி விரிந்து சுருங்க நிற்கிறது. வால் நுனி இன்னும் துடிக்கிறது. பொறுக்க மாட்டாமல் ஓரடி வைக்கிறது, மறுபடி நிற்கிறது, இப்போது வால் விறைத்துவிட்டது. அடுத்த அடி வைக்குமா, வைக்காதா? பாயச் சொல்லும் ரத்தத்தோடு அது மல்லுக்கட்டுவது தோள்பட்டை நடுக்கத்தில் தெரிகிறது. முழுக்கப் பழகிய நாயிடம் அந்தப் போராட்டம் எப்போதோ முடிந்திருக்கும். இதைப் பார்க்கக் கிடைப்பதை நான் குறைந்த சந்தோஷம் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தப்பு நடந்த ஒவ்வொரு தடவையும், நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டையின் பொத்தானை அழுத்துகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். பறவை வாடையும் வலியும் நாயின் மனசில் ஒன்றாகிவிட்டால், வாடை வந்தும் வராததுபோல் அது ஒதுங்கிப்போகத் தொடங்கும். ஆசையில் பாய்ந்து எழுப்பிவிடும் நாயைத் திருத்தலாம். பறவைக்கே பயந்துபோன நாயைத் திருத்துவது பெரும்பாடு.

கண்டிப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கூப்பிட்டால் நாய் வந்தே ஆக வேண்டும்; ரோடு குறுக்கிடும், முள்ளம்பன்றி எதிர்ப்படும். மற்றபடி கட்டுப்பாடு துப்பாக்கி பிடித்தவருக்குத்தான். பறவை எழுந்ததும் பின்னாலேயே பாய்கிற நாய் என்றால், தாழப் பறக்கும் பறவையைச் சுடவே கூடாது. பறவைக்குப் பின்னால் வெறும் வானம் தெரிந்தால் மட்டுமே விசையில் விரல். நாய் நிற்காமல் ஓடி எழுப்பிவிட்ட பறவையையும் விட்டுவிட வேண்டும். அது விழுந்தால், ஓடினால் பறவை கிடைக்கும் என்று நாய் தெரிந்துகொள்ளும். விழாமலே போய்க்கொண்டிருந்தால், பருவம் முடிவதற்குள் பெரும்பாலான நாய்கள் கொஞ்சம் முன்னதாகவே நிற்கத் தொடங்கிவிடும்.