அப்பாவின் விரலுக்கு ஏற்ற கம்பி

வானொலியில் வேலை பார்க்கிறவளுக்கு ஒலி சம்பந்தமான எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. தொலைக்காட்சியில் சத்தம் வரவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அழைப்புமணி கம்மிவிட்டாலும் என்னைத்தான். அந்த நம்பிக்கையை நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன். அதன் விலை, ஒரு செட் பேஸ் கிட்டார் கம்பி.

அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். வார இறுதிகளில் ஓர் இசைக்குழுவில் பேஸ் வாசிப்பார். திருமண விருந்து, சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சி என்று எண்பதுகளின் கடைசியில் அவர் வாசிக்காத சனிக்கிழமை குறைவு. நான் பிறந்த பிறகு அது குறைந்தது. தம்பி பிறந்த பிறகு நின்றுபோனது. பழைய கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கு என்று நாங்களும் கேட்டதில்லை.

இப்போது ஓய்வு. நேரம் இருக்கிறது, விரல்தான் இல்லை. இடது கையில் மூட்டுவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கும். வலிக்காத அளவுக்கு அசைத்துக்கொண்டே இருங்கள் என்றார் மருத்துவர். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் அது பேரன் கைக்குப் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பழைய பொருள் விற்கும் தளத்தில் தேடி, ஒரு குட்டி பேஸ் வாங்கினேன். ஐபனேஸ் நிறுவனத்தின் மிக்ரோ. அதைப் பார்த்த அப்பா, “என்னம்மா இது, பொம்மை மாதிரி இருக்கு?” என்றார்.

பொம்மை இல்லை. பேஸ் கிட்டாரில் கம்பி அதிரும் நீளத்தை, அதாவது கழுத்தின் உச்சியில் இருக்கும் ‘நட்’டிலிருந்து கீழே பிரிட்ஜ் வரை உள்ள தூரத்தை, ஸ்கேல் என்பார்கள். 1951ல் ஃபெண்டர் கொண்டுவந்த ப்ரெசிஷன் பேஸின் ஸ்கேல் 34 அங்குலம். அதுவே பொது அளவாகிவிட்டது. அப்பா அந்தக் காலத்தில் வாசித்ததும் அதுதான். 30 அங்குலம் என்றால் ஷார்ட் ஸ்கேல். பால் மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் இந்த வகைதான் என்று சொன்னதும் அப்பா சற்று இறங்கி வந்தார். அதையும்விடச் சிறியது எக்ஸ்ட்ரா ஷார்ட் ஸ்கேல். எங்கள் மிக்ரோ 28.6 அங்குலம்.

ஐந்து அங்குலக் குறைவு கைக்கு என்ன செய்யும்? முதல் நான்கு ஃபிரெட்டுகளை எட்ட, 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து சுமார் 178 மில்லிமீட்டர் விரிய வேண்டும். 28.6ல் 150 போதும். விரல் விரியாதவருக்கு அந்த 3 சென்டிமீட்டர் பெரிய சலுகை.

ஆனால் அதில் இருந்த கம்பிகள் துருப்பிடித்திருந்தன. நம் ஊர் ஈரக்காற்றும் முந்தைய உரிமையாளரின் வியர்வையும் சேர்ந்து செய்த வேலை. புதுக் கம்பி போட வேண்டும். இங்கேதான் என் மேதாவித்தனம் உள்ளே நுழைந்தது.

கணக்குப் போட்டேன். ஒரே கம்பியை, ஒரே சுருதிக்கு, குறைந்த நீளத்தில் கட்டினால் இழுவிசை குறையும். நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 34லிருந்து 28.6க்கு வரும்போது சுமார் 70 விழுக்காடுதான் மிஞ்சும். கம்பி தொளதொளவென்று ஆடும், ஃபிரெட்டில் மோதி ‘ஸ்ஸ்ர்ர்’ என்று இரையும். பழைய விறைப்பு வேண்டுமென்றால் கம்பி தடிக்க வேண்டும். பெரிய பேஸில் 105 தடிமன் போட்ட இடத்தில் இங்கே 125 வேண்டும். 105 என்பது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 105 பங்கு. ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர்.

125 கிடைக்கவில்லை. 110ல் ஆரம்பிக்கும் ஒரு கனமான செட்டை இணையத்தில் வாங்கினேன். அது 34 அங்குல பேஸுக்கானது. நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம்தானே என்று நினைத்தேன்.

அதுதான் தவறு. பேஸ் கம்பி முழுக்க ஒரே தடிமன் இல்லை. நடுவில் ஓர் உள்கம்பி, அதன்மேல் சுற்றிய வெளிக்கம்பி. டியூனரில் சுற்றும் முனையில் மட்டும் அது மெலிந்திருக்கும். நீளக் கம்பியைக் குட்டி பேஸில் போட்டால், மெலிய வேண்டிய இடம் டியூனரைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது. தடித்த பகுதியையே வெட்டி, வளைத்து, அந்தச் சின்னத் தண்டில் சுற்ற வேண்டியிருக்கிறது. ஈ கம்பிக்குத்தான் ரொம்பக் கஷ்டம். இருப்பதிலேயே தடித்தது அதுதான், அதன் டியூனரோ நட்டுக்கு மிக அருகில். நான் இழுத்து வளைத்ததில் சுற்று பிளந்துகொண்டது. சுருதி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. நட்டின் பள்ளத்தில் கம்பி சரியாக இறங்கவும் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். அப்பாவிடம் கொடுத்து, “வாசிச்சுப் பாருங்கப்பா” என்றேன். அவர் முதல் ஃபிரெட்டில் விரலை வைத்து அழுத்தினார். இரண்டு சுரம். மூன்றாவதில் கையை எடுத்து உதறிக்கொண்டார். “பரவாயில்லம்மா, அப்புறம் பார்ப்போம்” என்று கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். எங்கள் வீட்டில் ‘அப்புறம் பார்ப்போம்’ என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் வயதான சீன அங்கிள். என் கணக்கை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: “வாசிக்கப் போவது யார்?”

அப்பாவின் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். “கம்பி தளர்வாக இருப்பதுதானே இந்தக் கிட்டாரின் நன்மை? அதை ஏன் விறைப்பாக்கப் பார்க்கிறாய்?”

கணக்கு சரிதான், கேள்வி தப்பு. 1989ல் மேடையில் நின்ற அப்பாவுக்குக் கம்பி வாங்கியிருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை அளக்கவே இல்லை.

அதன் பிறகு அங்கிள் நாடாவை எடுத்து அளந்தார். உங்கள் வீட்டிலும் ஒரு குட்டி பேஸ் இருந்தால் இந்த அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் கம்பியின் குமிழ் முனை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை ஓர் அளவு. எங்களுடையதில் 30 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நட்டிலிருந்து ஈ கம்பியின் டியூனர் வரை இன்னோர் அளவு. அது சுமார் 2 அங்குலம். கம்பியின் தடித்த பகுதி நட்டைத் தாண்டி வர வேண்டும், டியூனர் தண்டைத் தொடுவதற்குள் மெலிய வேண்டும். இந்த இரண்டு அங்குலத்துக்குள்தான் விஷயமே இருக்கிறது. பெட்டியில் ‘ஷார்ட் ஸ்கேல்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக்கூடாது. அது பெரும்பாலும் 30 அங்குல பேஸை மனத்தில் வைத்துச் செய்தது. குட்டி பேஸில் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். சுற்றின் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் கிட்டாரையே கடைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது கம்பியின் வகை. சாதாரணக் கம்பியில் வெளிச்சுற்று உருண்டையாக இருக்கும். ஒலி பளிச்சென்று வரும், விரலுக்கு அரம் மாதிரி இருக்கும். இன்னொன்றில் பட்டையான நாடா போலச் சுற்றியிருப்பார்கள். ஃபிளாட்வவுண்ட். தொட்டால் வழவழ, ஒலி கொஞ்சம் அடங்கி, உருண்டு வரும். பழைய பாடல்களில் கேட்கும் அந்த ‘தும் தும்’. ஒரே தடிமனில் பட்டைச் சுற்று பொதுவாகக் கொஞ்சம் விறைப்பானது என்பதால், குட்டி பேஸில் வரும் தொளதொளப்பையும் ஓரளவு பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அதன் தடித்த பகுதியை டியூனரில் சுற்றவே கூடாது. பட்டை வெடித்துவிடும். அதனால் இந்த வகைக்கு நீளம் இன்னும் முக்கியம்.

என் காதுக்கு உருண்டைச் சுற்றுதான் பிடிக்கும். அதற்குத் தொழில் காரணமும் உண்டு. ஈ கம்பி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கைப்பேசி ஸ்பீக்கரால் கொடுக்க முடியாது. அதோடு சேர்ந்து வரும் மேல் ஒலிகளை வைத்துத்தான் நம் காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. பளிச்சென்ற கம்பியில் அந்த மேல் ஒலிகள் அதிகம். பாட்டைக் கைப்பேசியில் கேட்பவர்களுக்காக யோசித்தே எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் இந்தத் தடவை நேயர் ஒருவர்தான். கடையிலிருந்தே அழைத்துக் கேட்டேன். “விரல் வழுக்கிட்டுப் போனா போதும்மா” என்றார். பட்டைச் சுற்று, ஈ கம்பி 100 தடிமன். 60 வெள்ளிக்கு மேல் ஆனது. அங்கிள் பெட்டியைப் பிரித்து, ஈ கம்பியைக் கழுத்தின் மேல் நீட்டிக் காட்டினார். தடித்த பகுதி நட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் வந்து, டியூனருக்கு முன்பே மெலிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

வீட்டில் அப்பாவே மாட்டினார். ஒரு கம்பியைக் கழற்றி, புதியதை மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் கழுத்தின் வளைவு மாறும் என்றார். வெட்டுவதற்கு முன் கம்பியை மடக்கினார். மடக்காமல் வெட்டினால் சுற்று நழுவிப் பிரிந்துவிடுமாம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தியும் அழுத்தாமலும் மீட்டி, சுருதி ஏறி நின்ற கம்பிகளின் சேடிலைத் திருகுளியால் கொஞ்சம் பின்னே தள்ளினார். முப்பது வருடம் தொடாத வேலை. கை மறக்கவில்லை. நான் பக்கத்தில் டார்ச்லைட் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டின் ஒலி நிபுணர் பதவி அன்றைக்கே கைமாறிவிட்டது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வாசிக்கிறார். சில நாள் பத்து. வலி எடுத்தால் வைத்துவிடுவார். வாசித்து முடித்ததும் பழைய கைலித் துணியால் நான்கு கம்பிகளையும் துடைப்பார். மூட்டுவாதம் போய்விடவில்லை. ஆனால் ‘அப்புறம் பார்ப்போம்’ என்ற பேச்சு இல்லை.

போன வாரம் அவர் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பினேன். “அக்கா, ஒண்ணுமே கேக்கல” என்று பதில் வந்தது. நேரில் வந்து கேள் என்று எழுதினேன். வரவேற்பறைக்குள் நுழைந்தாலே தெரியும். அப்பா ஈ கம்பியை மீட்டும்போதெல்லாம் ஷோகேஸ் கண்ணாடி நடுங்குகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் கோப்பைகளை நினைத்து அம்மா தினமும் திட்டுகிறார். ஆனால் அந்த இருபது நிமிடமும் சமையலறைக் கதவை அவர் சாத்துவதில்லை.