வெட்டப்பட்டது புளியமரம் அன்று



கிள்ளான் வட்டாரத்தில் நான் முன்பு பணியாற்றிய ஒரு தமிழ்ப்பள்ளியில், சிற்றுண்டிச்சாலைக்குப் பின்புறம் நின்ற மரம் ஒன்றை அண்மையில் வெட்டிவிட்டார்கள். வாகனம் நிறுத்த இடம் வேண்டுமாம். காய்கள் உதிர்ந்து தரை வழுக்குகிறது என்பது இரண்டாவது காரணம். இவ்விரண்டையும்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, கூட்டக் குறிப்பில் எழுதிய ஒற்றை வரி: ‘பள்ளி வளாகத்தில் இருந்த புளியமரம் அகற்றப்பட்டது.’

அந்த வளாகத்தில் என்றைக்கும் புளியமரம் இருந்ததில்லை. இருந்தது புளிச்சக்காய் மரம். மலாய்மொழியில் பெலிம்பிங் பூலோ. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்து, விரல் நீளத்தில் பச்சைப்பசேலெனத் தொங்குமே, அதுதான். பிலிம்பி என்றும் கூறுவர். கேரளத்தார் இரும்பன்புளி என்பர். மாணவர்கள் அதை உப்பில் தோய்த்துக் கடித்துக் கண்ணைச் சுருக்குவார்கள். சிற்றுண்டிச்சாலை அம்மா தம் வீட்டு மீன்குழம்புக்குப் பறித்துச் செல்வார். விழா நாளில் குத்துவிளக்கைத் துலக்கியதும் அந்தக் காயால்தான். இத்தனை பேருக்குப் பயன்பட்ட மரம், வேறொரு மரத்தின் பெயரில் செத்துப் போயிற்று. எழுதியவர் தமிழாசிரியர் என்பதுதான் கொடுமை.

“புளிப்பாக இருந்தால் புளி, இதில் என்ன குற்றம்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். குற்றம் இருக்கிறது ஐயா. கடையில் ‘ஆசாம் கெப்பிங்’ என்று காய்ந்த வில்லைகளை வாங்குகிறோம். ஆங்கிலத்தில் அதன்மேல் புளித்துண்டு என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அது புளியே அன்று. ஆசாம் கெலுகோர் என்னும் மரத்தின் காயை மெல்லியதாக அரிந்து வெயிலில் உலர்த்தியது. மங்குஸ்தீனுக்கு நெருங்கிய உறவு. கேரளத்துக் குடம்புளிக்கும், இலங்கைத் தமிழர் மீன்கறிக்கு இடும் கொறுக்காய்ப்புளிக்கும் உடன்பிறப்பு. புளியமரமோ அவரை, கொன்றை ஆகியவற்றின் குடும்பம். புளியில் மிகுந்திருப்பது டார்டாரிக் அமிலம். புளிச்சக்காயில் ஆக்சாலிக் அமிலம்.

இது சமையற்காரருக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிட வேண்டா. கொழுப்பைக் குறைக்கும் என நம்பிப் புளிச்சக்காய்ச் சாற்றைக் கெட்டியாகப் பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013இல் மருத்துவ இதழில் பதிவு செய்தனர். குழம்பில் நாலு காய் போடுவது வேறு. குவளை நிறையக் குடிப்பது வேறு. புலனத்தில் வரும் வைத்தியக் குறிப்பை அப்படியே நம்பும் பெற்றோர்களுக்கு, எந்தக் காய் என்று பெயர் சொல்லாமல் எப்படி எச்சரிப்பது?

நண்பர் விடவில்லை. “அவையெல்லாம் மலாய்க்காரர் சமையலுக்கு உரியவை, தமிழ்ப் பாடத்தில் எதற்கு?” என்றார். அவர் தலையில் வைத்துக் கொண்டாடும் புளியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. அரபியர் அதனை இந்தியப் பேரீச்சை என்றனர். மலாய்க்காரர் சாவகப் புளி என்றனர். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. தூய்மை பார்த்தால் நம் வீட்டுக் குழம்பே மிஞ்சாது! தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் அந்தத் தூய்மையைப் பார்க்கவில்லை. கடைப் புளி தீர்ந்தால் வேலியோரத்தில் காய்த்ததைப் பறித்துக் குழம்பு வைத்தார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, நாம் அடுக்குமாடிகளுக்குக் குடியேறினோம்; வேலி போயிற்று. இன்று பிரிக்பீல்ட்சில் புளியைக் குடுவையில் விழுதாகவே வாங்கலாம். புளியங்கொட்டையையே பார்த்திராத பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

இன்னொன்று. தமிழ் வகுப்பில், அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியைப் பற்றிச் சொல்கிறோம். வரலாற்று வகுப்பில், பரமேசுவரா மலாக்கா மரத்தடியில் சாய்ந்து நின்று தம் புதிய நகருக்கு அம்மரத்தின் பெயரையே சூட்டிய கதையைச் சொல்கிறோம். மலாக்கா மரம் என்பது நெல்லிமரம்தான்! நெல்லியின் வடமொழிப் பெயரான ஆமலகத்தோடு மலாக்காவைத் தொடர்புபடுத்துவாரும் உளர். ஒரே பள்ளியில், ஒரே நாளில், ஒரே மரத்தை இரண்டு மரமாகக் கற்பிக்கிறோம். பினாங்கின் கெலுகோர் என்னும் ஊர்ப்பெயர் மேலே சொன்ன ஆசாம் மரத்தின் பெயர்; அலோர் ஸ்டாரில் உள்ள ‘ஸ்டார்’ என்பதும் புளிப்பும் இனிப்புமான குண்டாங் பழமரத்தின் மற்றொரு பெயரே. நாட்டின் நிலப்படமே புளித்துக் கிடக்கிறது. நம் சொல்வளப் பாடம் மட்டும் ஆப்பிளில் நிற்கிறது.

நம் பள்ளியில் வெட்டிய அதே மரம் பிலிப்பீன்சு வீடுகளின் கொல்லையிலும் நிற்கிறது. அங்கே அதற்குக் காமியாஸ் என்று பெயர். சினிகாங் என்னும் புளிச்சாற்றில் போடுவார்கள். நம் லிமாவ் கஸ்தூரி அவர்களுக்குக் கலமன்சி. விசயாத் தீவினர் பத்துவான் என்னும் காயை இடுவர். அது கெலுகோருக்கு ஒன்றுவிட்ட உறவு. பொட்டலத் தூள் அங்கும் வந்துவிட்டது. ஆனால் எந்தக் காயால் புளிப்பேற்றியது என்பதைச் சொல்ல அவர்களிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. அதற்காக மனனம் செய்த மாதிரிக் கட்டுரைகள் ஒழிந்தபாடில்லை. பழத்தைப் பற்றி எழுதச் சொன்னால், மரத்தில் ஆப்பிளையே கண்டிராத பிள்ளை ஆப்பிளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறது. பிள்ளையை நோகாதீர்கள். சுவரில் நாம் மாட்டிய படம் அப்படி.

ஆசாம் கெலுகோரை நான் ‘கெலுகோர்ப்புளி’ என்று எழுதி வருகிறேன். இதைவிட நல்ல பெயர் பழைய தோட்ட மக்களின் வாயில் இருக்கக்கூடும். வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டு எழுதுங்கள். கூட்டக் குறிப்பைத் திருத்துமாறு பள்ளிக்குக் கடிதம் அனுப்பியுள்ளேன், விடை இல்லை. சிற்றுண்டிச்சாலை அம்மா கடைசியாகப் பறித்துத் தந்தவற்றுள் பழுத்திருந்த சிலவற்றின் விதைகளை நெகிழிக் குவளையில் ஊன்றினேன். இரண்டு முளைத்துள்ளன. நட்டு வளர்க்க இடம் தரும் பள்ளி இருந்தால் தெரிவியுங்கள். பெயர்ப்பலகையை நானே எழுதித் தருகிறேன்.