மறைச்சு வெச்சா நோய் போயிருமா?

எங்க அம்மாயிக்கு மார்புல கட்டி வந்தது. சின்னம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டிருந்த நேரம். "வெளிய தெரிஞ்சா பொண்ணு எடுக்க மாட்டாங்க"ன்னு மறைச்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நோய் முத்திப்போச்சு.

மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் என்று அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் சொன்னபோது பலர் நம்பவில்லை. அவர் 1974 முதல் தேடி, காரணமான மரபணு 17-வது குரோமோசோமில் இருப்பதை 1990-ல் காட்டினார். 16 வருடம்! (எனக்கு ஒரு கணக்குக்கு 16 நிமிஷம் உட்கார முடியாது.) சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் ராஜ்குமார் குழுவினர், தென்னிந்தியக் குடும்பங்களிலும் அந்த மரபணுக் கோளாறு இருப்பதை 2003-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நம்ம கருமத்தம்பட்டியில் "அது தாய்வழிச் சீக்கு" என்கிறார்கள். தப்பு! அப்பாவிடம் கோளாறு இருந்தாலும் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதுவும் இந்த நோய் வந்தவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரை காரணம். பொண்ணு பார்க்க வந்தா எத்தனை பவுன்னு கூசாம கேக்கறோம். நோயைச் சொல்ல மட்டும் என்ன கூச்சம்? சொன்னால்தானே மற்றவர்கள் முன்கூட்டியே பரிசோதிக்க முடியும்?

சின்னம்மா இன்னும் டாக்டரைப் பார்க்கல. அம்மாவும் நானும் சொல்லிட்டேதான் இருக்கோம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி