லெஃப்ட்டு லெஃப்ட்டுனு கத்தினா போதுமா ராசா?

கொஞ்சம் கோவமாத்தான் எழுதறேன். பொறுத்துக்குங்க மக்களே.

ட்ரையத்லான் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். நான் போனது 70.3 என்ற வகை: 1.9 கிமீ நீச்சல், 90 கிமீ சைக்கிள், 21.1 கிமீ ஓட்டம். காசு குடுத்து ஏன்டா இந்தப் பாடுன்னு எங்கம்மா கேக்கறாங்க. அதுக்குத் தனிப் பதிவு போடணும். இன்னைக்கு மேட்டர் நடுவுல வர்ற சைக்கிள். அதிலும் ஒரே ஒரு விஷயம்: முன்னாடி போறவங்களை எப்படித் தாண்டிப் போறது?

போன வருஷம் ஒரு போட்டி. எங்ககூட ஞாயித்துக்கிழமை விடியக்காலை ஈசிஆர்ல சைக்கிள் ஓட்ட வர்ற அக்கா ஒருத்தர் அதில் கலந்துகொண்டார். வயசு 43. முதல் போட்டி. அறுபதாவது கிலோமீட்டர் வாக்கில் எனக்கு நாற்பது மீட்டர் முன்னால், இடது ஓரமாக, நேர்கோட்டில், ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார். அப்போது என்னை ஒருத்தர் தாண்டிப் போனார். கார்பன் வண்டி, பின்னாடி டிஸ்க் சக்கரம், கூரான ஹெல்மெட். வண்டி எப்படியும் அஞ்சு லட்சம் இருக்கும். அவரை 'அஞ்சு லட்சம்' என்றே வைத்துக்கொள்வோம்.

அஞ்சு லட்சம் அக்காவுக்கு மிகப் பக்கத்தில் போய் "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்தினார்.

அக்கா என்ன செய்தார்? இடது பக்கமா யாரோ வர்றாங்க போல, வழி விடலாம் என்று வலது பக்கம் ஒரு அடி நகர்ந்தார். அஞ்சு லட்சம் வந்தது வலது பக்கமாக. மயிரிழையில் ஒதுங்கி, முன்னால் போய், அதே வேகத்தில் சடாரென இடது பக்கம் வெட்டினார். அவருடைய பின்சக்கரம் அக்காவின் முன்சக்கரத்தை உரசியது. அக்கா கீழே. காறை எலும்பு முறிவு. அஞ்சு லட்சம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்று ராத்திரி வாட்ஸப் குழுவில் அவர் எழுதினார்: "நான் குரல் கொடுத்தேன். ஸ்லோ ரைடர்ஸ் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு போட்டிக்கு வரணும்." அதற்குக் கீழே விழுந்த கட்டைவிரல்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஆள் என்றால் விட்டுவிடலாம். இத்தனை பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றால் எழுதித்தானே ஆக வேண்டும்?

முதலில் அந்த "லெஃப்ட்". இது எங்கேயிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். தாண்டுகிறவர் இடது பக்கமாகத் தாண்டுவார். அதனால் "உங்க இடது பக்கம் வர்றேன்" என்று அங்கே குரல் கொடுப்பார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து நம்மாளுங்க அப்படியே காப்பி அடிச்சுட்டாங்க. நம்ம ஊரில் போவது இடது பக்கம், தாண்டுவது வலது பக்கம். இங்கே "லெஃப்ட்" என்று கத்தினால் "நான் இடது பக்கம் வர்றேன்" என்றும் எடுத்துக்கொள்ளலாம், "நீ இடது பக்கம் ஒதுங்கு" என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே கட்டளைக்கு நேர் எதிரான ரெண்டு அர்த்தம் இருந்தா ஆபீஸ்ல அதை பக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்புவோம். ரோட்டுல மட்டும் ரிலீஸ் பண்ணிடறோம். "வலது பக்கம் வர்றேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்தது, எப்போது கத்துவது. பொட்டி தட்டுற மூளைக்குக் கொஞ்சம் வேலை கொடுப்போம். நீங்கள் 38 கிமீ வேகம், முன்னால் போகிறவர் 28. வித்தியாசம் 10 கிமீ, அதாவது செகண்டுக்கு 2.8 மீட்டர். 10 மீட்டர் பின்னால் இருக்கும்போது குரல் கொடுத்தால் அவருக்கு மூன்றரை செகண்ட் கிடைக்கும். 2 மீட்டரில் கத்தினால் முக்கால் செகண்ட்கூட இல்லை. முக்கால் செகண்டில் யாரும் யோசிக்க மாட்டார்கள், திடுக்கிடத்தான் செய்வார்கள். சைக்கிளில் திடுக்கிட்டு வலது தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தால் ஹேண்டில்பாரும் கூடவே வலது பக்கம் திரும்பும். அதாவது உங்கள் மேலேயே வரும். இதில் முழங்கையை ஊன்றி ஏரோபாரில் படுத்தபடி ஓட்டுகிறவர் என்றால் கை பிரேக்கிலேயே இருக்காது.

இப்போது அந்த 'ஏன்'. சைக்கிளைத் திருப்புவது மட்டுமல்ல, விழாமல் நிற்க வைப்பதும் முன்சக்கரம்தான். பின்சக்கரத்தில் லேசாக உரசல் பட்டால் வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரத்தின் பக்கவாட்டில் இன்னொரு சக்கரம் பட்டால் அவ்வளவுதான், திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. தாண்டிவிட்டு அவசரமாக உள்ளே வெட்டுகிறவரின் பின்சக்கரம் மோதுவது தாண்டப்பட்டவரின் முன்சக்கரத்தில். ஆக, தப்பு செய்கிறவர் விழுவதில்லை. தப்பே செய்யாதவர்தான் விழுகிறார். வெட்டினவர் முதுகுக்குப் பின்னால் நடந்ததே தெரியாமல் போய் மெடல் வாங்கி போட்டோவும் போட்டுவிடுவார். இதனால்தான் முந்துவது பற்றிய பேச்சில் 'ரெண்டு பேர் மேலயும் தப்பு' என்ற பஞ்சாயத்துத் தீர்ப்பை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆபத்து ஒருத்தருக்கு, முடிவு இன்னொருத்தர் கையில். முடிவு யார் கையிலோ பொறுப்பும் அவர் தலையில்.

"அண்ணே, ரூல் புக்குல அப்படி இல்லையே" என்று ஒரு கூட்டம் வரும். வாங்க, அதையும் பார்ப்போம். அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் சாதாரண வயதுப் பிரிவினருக்கு 12 மீட்டர் விதி உண்டு. முன்னால் போகிறவரின் முன்சக்கரத்திலிருந்து உங்கள் முன்சக்கரம் வரைக்கும் 12 மீட்டர். அவருடைய காற்று மறைவில் ஓசியில் போகக்கூடாது என்பதற்காக. உள்ளே நுழைந்தால் 25 செகண்டில் தாண்டியாக வேண்டும், பாதியில் பின்வாங்கக் கூடாது. உங்கள் முன்சக்கரம் அவருடைய முன்சக்கரத்தைத் தாண்டிய நொடியில் ஓவர்டேக் முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்க வேண்டியது அவர் வேலை.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் பலர் வெட்டுகிறார்கள். யோசிச்சுப் பாருங்க. உங்க முன்சக்கரம் அரை அடி முன்னால போயிருக்கு. மிச்ச வண்டி எங்கே இருக்கு? அவர் பக்கத்துலதான். ரூல் புக்கில் ஓவர்டேக் முடிந்துவிட்டது. ரோட்டில் முடியவில்லை. ஒரு முழு வண்டி நீளம் இடைவெளி விழுந்த பிறகு, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக இடது பக்கம் வந்தால் எந்த விதியும் உங்களைத் தடுக்கவில்லை.

25 செகண்ட் பத்தாது என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 12 மீட்டரை 25 செகண்டில் கடக்க மணிக்கு 1.7 கிமீ கூடுதல் வேகம் போதும். அதுகூட உங்ககிட்ட இல்லைன்னா நீங்க அவரைவிட வேகமானவரே இல்லை. பின்னாலயே வாங்க.

சரி, மெதுவாகப் போகிறவர்கள் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. காலியான ரோட்டில் நடுவில் ஓட்டுவது, ரெண்டு பேர் ஜோடி போட்டுக் கதை பேசியபடி போவது, பின்னால் பார்க்காமல் மூக்கைச் சிந்துவது எல்லாமே தப்புதான். வழியை அடைத்து ஓட்டுவதற்கும் அபராதம் உண்டு. ஆனால் அதைச் சொல்ல மார்ஷல் இருக்கிறார். தண்டனையை நாமே தோள்பட்டையில் நிறைவேற்ற வேண்டியதில்லை.

நேரம் வீணாகும் என்கிறீர்களா? முன்னால் வழி இல்லை என்று 38-லிருந்து 28-க்குக் குறைத்து, பத்து செகண்ட் பின்னால் காத்திருக்கிறீர்கள். இழப்பது 28 மீட்டர், அதாவது மூன்று செகண்டுக்கும் குறைவு. திரும்ப வேகம் எடுப்பதையும் சேர்த்து ஐந்து செகண்ட் என்றே வைப்போம். 90 கிலோமீட்டரில் இருபது தடவை இப்படி நடந்தாலும் 100 செகண்ட். நீச்சல் முடிஞ்சு ஈரக்காலில் சாக்ஸ் போடறதுக்கு நான் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கறேன், ஹி ஹி.

இதில் எனக்குப் பெரிய வயித்தெரிச்சல் வேறொன்று. ஈசிஆரில் பஸ்காரரோ ஷேர் ஆட்டோவோ உரசிக்கொண்டு போனால் நாம் என்ன குதி குதிக்கிறோம்! இங்கிலாந்தில் கார்கள் சைக்கிளுக்கு 1.5 மீட்டர் விட்டுத் தாண்ட வேண்டும் என்று 2022-ல் ஹைவே கோடிலேயே போட்டுவிட்டார்கள், இங்கே பாருங்கள் என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். அடுத்த வாரமே போட்டியில் நம்மைவிட மெதுவாகப் போகிற ஒருத்தரை ஒரு சாண் இடைவெளியில் தாண்டுகிறோம். ஹார்ன் அடிச்சா ஒதுங்கணும், ஒதுங்கலைன்னா உன் தலையெழுத்து என்கிற அதே லாரிப் புத்தி. வண்டிதான் கார்பன்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. என் முதல் போட்டியில் ஐம்பதைத் தாண்டிய ஒருத்தர் என்னைத் தாண்டிப் போனார். தாண்டப்பட்டால் பின்வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பெரியவர் நம்மைத் தாண்டறதா என்று வீம்புக்கு மிதித்தேன். அவர் தாண்ட, நான் தாண்ட, மூன்று கிலோமீட்டர் இதே கூத்து. கடைசியில் அவர் பக்கத்தில் வந்து, "தம்பி, நீங்க முன்னாடி போங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். இதுவரை யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

அக்காவுக்கு எலும்பு சேர்ந்துவிட்டது. போன மாதம் மறுபடி வண்டியை எடுத்தார். பின்னாடி சக்கரச் சத்தம் கேட்டாலே தோள் தானா இறுகுது தம்பி என்கிறார். ஈசிஆரில் இப்போது அவரை நெருங்கும்போது பத்து மீட்டர் முன்பே, கத்தாமல், "அக்கா, வலது பக்கம் வர்றேன்" என்று சொல்கிறேன். "வாப்பா" என்று பதில் வரும். அதற்கப்புறம்தான் தாண்டுகிறேன்.

அந்த "வாப்பா" வராம தாண்டாதீங்க மக்களே. கேக்கறது அவ்வளவுதான்.

டிஸ்கி: அஞ்சு லட்சம் அண்ணே, இதைப் படிச்சா ஆட்டோ அனுப்பாதீங்க. அக்காவுக்கு ஒரு போன் போடுங்க.