லத்தீன் திருப்பலி: இளம் குருக்களுக்கு ரோமின் கடிவாளம்

புதுதில்லி: கத்தோலிக்க இளம் குருக்களில் ஒரு சாரார் பழைய லத்தீன் திருப்பலி முறையை நாடுவது பிரான்ஸ், அமெரிக்கா போன்ற நாடுகளில் அதிகரித்துள்ளது. இந்தியாவில் அத்தகைய விருப்பம் எழுந்தால், அதை ஏற்கும் அதிகாரம் இங்குள்ள ஆயர்களிடம் இல்லை.

1962-ஆம் ஆண்டுத் திருப்பலி நூலைப் பயன்படுத்த 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தாராளமாக அனுமதித்தார். 2021 ஜூலை 16-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதைக் கட்டுப்படுத்தினார். அந்த ஆணைக்குப் பின் குருப்பட்டம் பெற்றவர்களுக்கு அனுமதி வழங்குவது ரோமுக்கே உரியது என்று 2023-இல் மேலும் தெளிவுபடுத்தப்பட்டது. ஆக, கட்டுப்பாட்டின் சுமை இளம் குருக்கள் மீது கூடுதலாக விழுகிறது.

சித்தூர், திருப்பதி நகரங்களை உள்ளடக்கிய கடப்பை மறைமாவட்டத்துக்கு இந்த மொழிப் பிரச்னை புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயேசு சபையினர் சித்தூர் வட்டாரத்துப் புங்கனூரில் பணியாற்றிய காலத்தில், திருப்பலியின் மொழி லத்தீனே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தெலுங்கு பலிபீடம் ஏறியது. ஆரத்தி உள்ளிட்ட 12 இந்திய வழக்கங்களுக்கு ரோம் 1969-இல் இசைவளித்தது.

கட்டுப்பாட்டிலும் ஆபத்து உண்டு. ரோமுடன் முறையான இணக்கம் காணாத புனித பத்தாம் பத்திநாதர் சபை, பாளையங்கோட்டையில் மையம் அமைத்துப் பழைய முறையைக் கடைப்பிடிக்கிறது. கதவு அடைக்கப்பட்டால் ஆர்வலர்கள் அந்தப் பக்கம் சாயக்கூடும். அகலத் திறந்தாலோ, மக்கள் மொழிக்குக் கிடைத்த இடம் சுருங்குமோ என்ற ஐயம் எழும்.

2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ முன் உள்ள சிக்கல் இதுவே. லத்தீனைத் தந்ததும் தெலுங்குக்கு இசைந்ததும் ரோம்தான். பீடத்தின் முன் மண்டியிடும் சாமானியரின் கருத்து இரு முறையும் கேட்கப்படவில்லை.